ஒற்றைக் கண் குதிரையின் விலை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் நகரத்துக் கடைவீதியில் காலூன்றி நடக்க இடமிருப்பதில்லை. ஒரு காலத்தில் துணிக்கடைகளுக்கே உரியதாயிருந்த ஆடித் தள்ளுபடி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சிப் பெட்டி முதலியவற்றை விற்கும் கடைகளையும் இன்று பற்றிக்கொண்டுவிட்டது. வாசலில் தொங்கும் பலகைகள் பல. அவற்றுள் ஒன்றின் முன் மட்டும் நம் குடும்பத் தலைவர்களையும் தலைவிகளையும் சற்று நிறுத்தி வைக்க விரும்புகிறோம். "டிஸ்ப்ளே பீஸ்கள் நம்ப முடியாத விலையில்" என்று அப்பலகை சொல்கிறது. நம்ப முடியாத விலை என்று கடைக்காரரே எழுதி வைத்திருக்கும்போது, நம்பலாமா என்று நாம் கேட்பதில் தவறில்லை அன்றோ?

டிஸ்ப்ளே பீஸ் என்பது யாது? கடைக்காரர் ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, வருவோர் பார்ப்பதற்காக மேடையில் நிறுத்தி வைக்கிறார். வாங்க வந்தவர்கள் கதவைத் திறந்து பார்க்கின்றனர். உள்ளேயிருக்கும் தட்டை இழுத்துப் பார்க்கின்றனர். உடன் வந்த பிள்ளைகள் பொத்தான்கள் அனைத்தையும் அழுத்திப் பார்க்கின்றனர். ஆனால் அவர்கள் வீட்டுக்குப் போவதோ கிடங்கில் பிரிக்கப்படாமல் இருக்கும் வேறொரு பெட்டி. ஆறு மாதமோ, ஓராண்டோ, சில வேளை அதற்கு மேலுமோ இவ்வாறு நின்றபின், நிறுவனத்தார் புதிய மாதிரியை அனுப்புகின்றனர். மேடையில் இடம் வேண்டும். எனவே ஊரார் அனைவரும் தொட்டுப் பார்த்த அப்பொருள் விலை குறைக்கப்பட்டு வெளியே போகிறது. அது பழைய பொருள் அன்று; எவர் வீட்டிலும் உழைக்கவில்லை. புதிய பொருளும் அன்று. அதன் அட்டைப் பெட்டி என்றோ குப்பைக்குப் போய்விட்டது. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில்தான் அதன் மலிவும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது.

இத்தகைய பொருளை வாங்குவது கௌரவக் குறைவு என்று கருதுவோர் நம்மிடையே உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு கீறல் விழுந்துவிட்டது என்பதற்காக நன்றாய் உழைக்கக்கூடிய ஒன்றை ஒதுக்கித் தள்ளுவது, 2015ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் 'லவ்தாத்தோ சி' சுற்றுமடலில் கண்டித்த வீசியெறியும் பழக்கத்தின் தம்பிதான். மாதச் சம்பளத்தை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு மூவாயிரம் ரூபாய் மிச்சமாகுமானால் அது சிறிய தொகையன்று. கேள்வி வாங்கலாமா என்பதன்று. எதற்காக விலை குறைந்தது என்பதை வாங்குபவர் அறிந்து வாங்குகிறாரா என்பதே.

சென்ற ஆண்டு நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். கணவரை இழந்தவர்; தையல் இயந்திரத்தை மிதித்தே மூன்று பெண் மக்களை வளர்த்தவர். மூத்தவளுக்குத் திருமணம் நிச்சயமாகி அன்று காலைதான் முதல் ஓலை வாசித்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்கு ஒன்றும் வேண்டாமென்றும், பெண்ணுக்கு உபயோகமாயிருக்க ஒரு பிரிட்ஜ் மட்டும் போதுமென்றும் சொல்லியிருந்தனர். (ஒன்றும் வேண்டாம் என்று தொடங்கும் பட்டியல்கள் எங்கே போய் முடியும் என்பதை முப்பதாண்டுக் காலமாக ஓலை வாசித்துவரும் நாம் நன்கு அறிவோம்.) அந்தத் தாய் கேட்டது இதுதான்: "சாமி, கடையில காட்சிக்கு வச்சிருந்த பிரிட்ஜ் ஒண்ணை விலை குறைச்சுத் தர்றாங்க. இடது பக்கம் ஒரு கீறலும் சின்ன ஒடுக்கும் இருக்கு. வாங்கிரலாம்னு இருக்கேன். சம்பந்தி வீட்டுல சொல்லணுமா? சொல்லாம விட்டா பாவமா?"

சீர் கேட்பதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றம் என்பதை நாம் அவருக்கு நினைவூட்டினோம். "தெரியும் சாமி" என்றார். அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை தாய்மாரின் பெருமூச்சு அடங்கியிருக்கிறது! மாப்பிள்ளை வீட்டாரிடம் அதுபற்றித் தனியே பேச வேண்டியதைப் பேசினோம். அது வேறு கதை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நம் மனத்தைவிட்டு அகலவில்லை. கடைக்காரர் தம்மிடம் மறைக்கிறாரா என்று கவலைப்படுவோரைப் பார்த்திருக்கிறோம். தாம் மறைக்கலாமா என்று கவலைப்பட்டவர் இவர் ஒருவரே.

இக்கேள்விக்கு ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே புனித தோமா அக்குவினாஸ் விடை தேடியிருக்கிறார் என்று சொன்னால் வாசகர்கள் வியப்படையலாம். 1274ஆம் ஆண்டில் மறைந்த அப்பெரியார், தம் 'இறையியல் தொகுப்பு' நூலின் இரண்டாம் பகுதியில், 77ஆம் வினா முழுவதையும் விற்பனையில் நேரும் வஞ்சகத்திற்கே ஒதுக்கியுள்ளார். விற்பவர் தம் பொருளின் குறையை வாங்குபவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவரா என்பது அதில் ஓர் உட்பிரிவு. குருமடத்தில் அதை இலத்தீனில் படித்தபோது, தேர்வுக்கன்றி வேறெதற்கும் இது பயன்படும் என்று நம் வகுப்பில் எவரும் நினைத்ததில்லை. அக்காலத்துச் சந்தையில் குளிர்பதனப் பெட்டி ஏது? குதிரை இருந்தது. ஆகவே அவர் குதிரையை எடுத்துக்கொள்கிறார்.

ஒரு குதிரைக்கு ஒற்றைக் கண்தான் என்றால், அது பார்ப்பவர் எவருக்கும் தெரியும் குறை. விற்பவர் அதற்குத் தக்கபடி விலையைக் குறைத்திருப்பாரானால், "இதற்கு ஒரு கண் இல்லை" என்று கூவி அறிவிக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்கிறார் தோமா. காரணமும் சொல்கிறார்: அப்படிக் கூவினால், வாங்குபவர் அக்குறையைச் சாக்கிட்டு நியாயத்திற்கு மேலும் விலையைக் குறைக்க முனையக்கூடும். வியாபாரியின் பக்கத்து நியாயத்தையும் எண்ணிப் பார்த்த இறையியலார் அவர். ஆனால் குறை கண்ணுக்குத் தெரியாததாயிருந்து, அதனால் வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ நேருமானால், வாய் திறந்து சொல்லியே ஆக வேண்டும். காலில் ஊனமுள்ள குதிரையை வேகமான குதிரை என்று விற்பதும், இடிந்து விழும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்று விற்பதும் வஞ்சகமே. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராயிருந்த புனித அம்புரோசும் விற்கும் பொருளின் குறைகளை வெளிப்படுத்துவது நீதி என்று கற்பித்ததைத் தோமா தமக்குச் சான்றாகக் கொள்கிறார்.

நம் நாட்டின் சட்டமும் இதே கோட்டில்தான் நடக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், அதன் 16ஆம் பிரிவில், வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்துவிட்டால், அச்சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்காகப் பின்னால் விற்பவர் மீது பழி சொல்ல முடியாது என்கிறது. சோதித்தும் தெரியாத குறைகளுக்கு அந்தப் பாதுகாப்பு விற்பவருக்கு இல்லை. அச்சட்டத்தை எழுதியவர்கள் தோமாவைப் படித்தார்களோ இல்லையோ, ஒற்றைக் கண் குதிரை அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அப்படியானால் கடை மேடையில் நிற்கும் பொருளில் எது கண்ணுக்குத் தெரியும் குறை, எது தெரியாத குறை? இங்கே பொருளுக்குப் பொருள் பெரும் வேறுபாடு உண்டு. பலரும் எல்லாவற்றையும் ஒன்றாக எண்ணி ஏமாறுவது இங்கேதான்.

குளிர்பதனப் பெட்டி பெரும்பாலும் மேடையில் மின்சாரம் இல்லாமலே நிற்கிறது. அதன் கம்ப்ரெஸர் ஓடித் தேயவில்லை. தேய்ந்தது கதவுதான். ஒரு நாளைக்கு நூறு பேர் திறந்து மூடிய கதவின் கீல் தளர்ந்திருக்கலாம். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை விரிந்திருக்கலாம். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். தாள் இறுகப் பிடிபட்டிருந்தால் பட்டை நலம். வழுக்கிக்கொண்டு வந்தால் அவ்விடத்தில் குளிர் வெளியேறும், மின் கட்டணம் உள்ளே வரும். நான்கு புறமும் இவ்வாறு பார்க்க வேண்டும். காய்கறிப் பெட்டி, முட்டைத் தட்டு, கண்ணாடித் தட்டுகள் எல்லாம் உள்ளனவா என்று எண்ணிக்கொள்ள வேண்டும்; மேடையில் நிற்கும் பெட்டிகளிலிருந்து இவை ஒன்றுக்கொன்று இடம் மாறுவதும் காணாமற் போவதும் வழக்கம். கடையிலேயே பிளக்கைச் செருகி ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நல்ல கடைக்காரர் அதற்கு மறுக்க மாட்டார்.

வீட்டுக்குக் கொண்டு வருவதிலும் கவனம் வேண்டும். புதிய பெட்டிக்கு அட்டையும் தெர்மாகோலும் காவல். இதற்கோ காவல் ஒன்றுமில்லை. குட்டி யானை வண்டியில் இடமில்லை என்று படுக்க வைத்துக் கொண்டு வந்தால், கம்ப்ரெஸரிலுள்ள எண்ணெய் குழாய்களுக்குள் ஏறிவிடும். நிமிர்த்திய நிலையிலேயே கொண்டு வந்து, சில மணி நேரம் அசையாமல் நிறுத்தி வைத்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

முன்புறம் கதவுள்ள சலவை இயந்திரத்திற்கு வேறொரு நுணுக்கம். பயணத்தின்போது உள்ளேயிருக்கும் உருளை ஆடாதிருக்க, பின்புறத்தில் நீண்ட போல்ட்டுகளை முடுக்கித்தான் நிறுவனத்தார் அனுப்புகின்றனர். மேடையில் நிறுத்தும்போது அவற்றைக் கழற்றியிருந்தால், வீட்டுக்கு அனுப்பும்போது மீண்டும் முடுக்க வேண்டும். ஓராண்டுக்கு முன் கழற்றிய போல்ட்டுகள் எங்கே என்று கேளுங்கள்; கடைக்குள் ஒரு சிறு ஓட்டம் நடக்கும்.

தொலைக்காட்சிப் பெட்டிதான் இவற்றுள் உண்மையாகவே உழைத்த குதிரை. கடை திறந்தது முதல் மூடும் வரை, பார்ப்போர் கண்ணைப் பறிக்கும் பொருட்டு முழு வெளிச்சத்தில் அது ஓடிக்கொண்டேயிருக்கிறது. நாளுக்கு 10 மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 300 நாளில் 3,000 மணி நேரம். மாலையில் 4 மணி நேரம் பார்க்கும் குடும்பம் அவ்வளவு நேரத்தை ஓட்டுவதற்கு இரண்டாண்டுக்கு மேலாகும். பெட்டியின் மேனியில் ஒரு கீறல்கூட இராது. துடைத்து வைத்தால் புதியது போலவே மின்னும். திரையின் பின்னாலுள்ள விளக்குகளின் ஆயுள் மட்டும் கரைந்திருக்கும். ஓ.எல்.இ.டி. வகைத் திரையாயின், ஒரே படமோ ஒரே முத்திரையோ நெடுநாள் நின்ற இடத்தில் அதன் நிழல் நிலையாகப் பதிந்துவிடுவதுமுண்டு. திரை முழுவதையும் ஒரே சாம்பல் நிறமாக்கிப் பார்த்தால் அது தெரியும். எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கைச் சில பெட்டிகள் தமக்குள்ளேயே பதிந்து வைத்திருக்கின்றன; பழுது பார்ப்பவர் அதை எடுத்துக் காட்ட முடியும். தோமாவின் பேச்சில் சொன்னால், குளிர்பதனப் பெட்டியின் கீறல் ஒற்றைக் கண். தொலைக்காட்சிப் பெட்டியின் 3,000 மணி நேரம் வெளியே தெரியாத கால் ஊனம். முன்னதைச் சொல்லாமல் விற்கலாம். பின்னதைச் சொல்லாமல் விற்பது நீதியன்று என்பதே நம் தீர்ப்பு.

பீரோ, கட்டில் போன்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணால் பார்ப்பதே போதும்.

இனி விலைக்கு வருவோம். பலகையில் எழுதியிருக்கும் விழுக்காடு எந்த விலையிலிருந்து கழிக்கப்பட்டது? ஒரு பெட்டியின் மேல் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை 38,000 ரூபாய் என்று கொள்வோம். ஆனால் அதே மாதிரியைப் பிரிக்காத பெட்டியாகவே ஊரிலுள்ள கடைகளெல்லாம் 29,500 ரூபாய்க்கு விற்கின்றன. காட்சிப் பொருளின் விலை 27,500. பலகையில் 27 விழுக்காடு தள்ளுபடி என்று எழுதினால் அது கணக்குப்படி பொய்யன்று. ஆயினும் உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 2,000 ரூபாய், அதாவது 7 விழுக்காட்டுக்கும் குறைவு. கீறலுக்கும், காணாமற்போன தட்டுக்கும், அட்டைப் பெட்டியில்லாப் பயணத்துக்கும், பழைய மாதிரி என்பதற்கும் சேர்த்து அந்த 2,000 ஈடாகுமா? இரண்டு கடை ஏறி இறங்கிப் பிரிக்காத பெட்டியின் விலையைக் கேட்டுக்கொண்ட பின்னரே இக்கேள்விக்கு விடை தெரியும்.

நட்சத்திரச் சீட்டையும் படித்துப் பார்க்க வேண்டும். எரிசக்தித் திறன் செயலகத்தார் மின்சாரச் சிக்கனத்திற்கு வழங்கும் நட்சத்திரங்கள் என்றென்றைக்கும் ஒரே அளவில் நிற்பவை அல்ல. சில ஆண்டுகளுக்கொரு முறை அளவுகோலைக் கடுமையாக்குகின்றனர். குளிர்பதனப் பெட்டிகளுக்கு 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அவ்வாறு கடுமையாக்கினர். ஆகவே நெடுநாள் மேடையில் நின்ற பெட்டியின் ஐந்து நட்சத்திரம், இன்றைய கணக்கில் அதைவிடக் குறைவாக இருக்கலாம். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, அச்சீட்டிலேயே அச்சிட்டிருக்கும் ஆண்டு மின் செலவு எத்தனை யூனிட் என்பதைப் புதிய மாதிரியின் சீட்டோடு ஒப்பிடுவதே நலம்.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. தாளைச் செருகிப் பார்க்கும் வித்தையை மட்டும் சொன்னோம். மேலும் ஒன்று சொன்னோம்: "பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா." காட்சிக்கு வைத்திருந்தது, இடப்பக்கம் கீறலும் ஒடுக்கும் உண்டு, மற்றபடி உத்தரவாதம் பில் தேதியிலிருந்து முழுமையாக உண்டு என்று மூன்றே வரி. பொருளின் பின்புறத்தில் ஒட்டியுள்ள வரிசை எண் பில்லிலும் உத்தரவாத அட்டையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சில வேளைகளில், காட்சிக்கு வைக்கும்போதே அப்பொருளை விற்றதாகப் பதிந்துவிடுவதுண்டு. அப்போது உத்தரவாதக் காலம் மேடையிலேயே ஓடத் தொடங்கியிருக்கும். நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்து வரிசை எண்ணைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பில் வேண்டாமென்றால் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. மிச்சம் என்று காதோடு சொல்பவர்களும் உண்டு. அரசுக்கு உரியதை அரசுக்குக் கொடாதது ஒரு பக்கம் இருக்கட்டும். பில் இல்லாத பொருளுக்கு உத்தரவாதமும் இல்லை, வழக்கும் இல்லை.

அவர் எழுதி வாங்கினார். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தாராம். பிறகு எழுதிக் கொடுத்தாராம்.

சம்பந்தி வீட்டில் சொல்வதா என்ற கேள்வி எஞ்சி நின்றது. கொடுப்பது அன்பளிப்பு, விற்பனையன்று. ஆகவே தோமாவின் விதி அப்படியே பொருந்தாது. கீறலோ கண்ணுக்குத் தெரிவது. சொல்லாமல் விட்டாலும் பாவமில்லை என்று விடையளித்தோம். ஆனால் அவரே வேறு முடிவு செய்தார். "நாளைக்கு அவங்க கண்டுபிடிச்சா எம்மவதான சாமி பேச்சு வாங்கணும்?" என்று, பெட்டி வீட்டுக்குப் போவதற்கு முன்னரே சம்பந்தியம்மாளிடம் பில்லைக் காட்டிச் சொல்லிவிட்டார். திருமணத்திற்கு முன் குறைகளை மறைத்து ஒருவரை ஏமாற்றிச் சம்மதம் பெறுவதைத் திருச்சபை எவ்வளவு கடுமையாகப் பார்க்கிறது என்பதை 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098ஆம் விதி காட்டும். அப்படிப் பெற்ற சம்மதம் செல்லாமலும் போகலாம். ஓலை வாசிப்பதன் நோக்கமும் மறைவானவை வெளிவர வேண்டும் என்பதே. அந்தத் தாய் அவ்விதியைப் படித்தவர் அல்லர். சம்பந்தியம்மாள் என்ன சொன்னார் என்றால், கீறல் சுவர்ப் பக்கம் போய்விடும் என்று சிரித்தாராம். பின்னர் சில மாதங்கள், சொந்தக்காரர் வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியைச் சுவரிலிருந்து சற்று விலக்கியே வைத்திருந்தார் என்றும் கேள்வி. பெண் இப்போது நன்றாக இருக்கிறாள்.

வாங்குபவர் எல்லாரும் அத்தாயைப் போன்றவர் என்று சொல்லிவிட முடியாது. குறைந்த விலைக்கு வாங்கி அதிக விலைக்கு விற்க வேண்டும் என்பதே எல்லாருடைய ஆசையும் என்று ஒரு விகடகவி மேடையில் சொல்லி ஊராரைக் கைதட்ட வைத்த கதையைப் புனித அகுஸ்தினார் எடுத்துரைக்கிறார். வாங்கும்போது ஒன்றுக்கும் உதவாது என்று பழித்துவிட்டு, வாங்கிச் சென்றபின் பெருமை பேசுபவரை நீதிமொழிகள் நூலும் அறியும். இல்லாத குறையைச் சொல்லி விலையை அடிப்பதும், இருக்கும் குறையை மறைத்து விலையை ஏற்றுவதும் ஒரே ஏழாம் கட்டளையின் கீழ் வருபவையே. இதை நம் பங்கு மக்கள் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக் கேட்ட நினைவு நமக்கில்லை. எவருடைய இரகசியமும் இதில் வெளிப்பட்டுவிடவில்லை. ஒருவரும் சொல்லாததைத்தான் சொல்கிறோம்.

இதில் இரு பக்கமும் நசுங்குபவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றி எழுதத்தான் உண்மையில் பேனாவை எடுத்தோம். வாங்குபவருக்கும் முதலாளிக்கும் நடுவில், நிறுவனச் சட்டை அணிந்து நிற்கும் விற்பனை இளைஞர். நம் மறைமாவட்டத்துப் பங்குகளில் இத்தகைய கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் இல்லாத பங்கு எது? காலையில் நின்றால் இரவு வரை நிற்கும் வேலை. உட்கார ஒரு நாற்காலி தர வேண்டும் என்பதற்கே 2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சட்டம் திருத்த வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் சொற்பம், விற்ற பொருளுக்கேற்ற ஊக்கத்தொகையை நம்பித்தான் வீட்டு வாடகை.

அத்தகைய இளைஞர் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்தபின் நம்மிடம் தயங்கித் தயங்கி வந்தார். ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. ஒன்றரை ஆண்டு மேடையில் ஓடியது. "எத்தனை நாள் ஓடியது என்று எவரும் கேட்டால், சென்ற மாதந்தான் வைத்தோம் என்று சொல்" என்பது மேலாளரின் கட்டளை. "நான் சொல்லலேன்னா இன்னொருத்தன் சொல்லி வித்துருவான், ஃபாதர். எனக்கு வேலை போகும். அவ்வளவுதான்."

அறநெறி இறையியலில் பிறர் பாவத்தில் உடன்படுதல் பற்றி நீண்ட பாடம் உண்டு. பிறருடைய தீய நோக்கத்தைத் தானும் ஏற்றுச் செய்வது ஒன்று. வேறு வழியின்றி அச்செயலுக்கு அருகில் நின்று தன் வேலையைச் செய்வது வேறொன்று. பெட்டியைத் துடைத்து வைப்பதும், பில் போடுவதும், வண்டியில் ஏற்றுவதும் இரண்டாவது வகையில் சேரலாம். கேட்டவரிடம் பொய் சொல்வது அதில் சேராது. ஆகவே நாம் அவரிடம் சொன்னது இதுதான்: கேட்டால் பொய் சொல்லாதே, உனக்கு விலை நிர்ணயிக்கும் அதிகாரம் இல்லை, ஆகையால் விலைக்கு நீ பொறுப்பல்ல, மின்கசிவு போன்று உயிருக்கு ஆபத்தான குறை என்று தெரிந்தால் கேட்காவிட்டாலும் சொல், அதற்காக வேலை போனாலும் சரி. கடைசிச் சொற்றொடரைச் சொல்வது எளிதாயிருக்கவில்லை. அவருக்கு இரண்டு தம்பியர், தந்தை நோயாளி.

அவர் பொய் சொல்ல மறுத்தார். "எனக்குத் தெரியாது, மேலாளரைக் கேளுங்கள்" என்று வாடிக்கையாளரை அனுப்பிவிட்டார். வேலை போகவில்லை, மிக்ஸி, கிரைண்டர் பிரிவுக்கு மாற்றிவிட்டனர். அங்கே ஊக்கத்தொகை மிகக் குறைவு. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தியாகியின் பெருமிதம் ஒன்றும் இல்லை. மாதக் கடைசியின் கவலைதான் இருந்தது. அவருடைய அன்பியத்தினர் ஒன்று சேர்ந்து தம்பி ஒருவனின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டனர். எஞ்சியதை அவர் எவ்வாறு சமாளிக்கிறாரோ!

கடை வைத்திருக்கும் நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் ஒரு சொல். திருவிழாவில் தேருக்கு விளக்கு அலங்காரம் உபயம் என்று உங்கள் பெயரைப் பலகையில் எழுதுகிறோம், நன்றியோடுதான் எழுதுகிறோம். உங்கள் கடை மேடையில் நிற்கும் ஒவ்வொரு பொருளின்மீதும் ஒரு சிறு அட்டையை ஒட்டி, மேடையில் வைத்த தேதி, ஓடிய நேரம், உள்ள குறை ஆகியவற்றை உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். பணியாளர் வாய் திறந்து பொய் சொல்லவும் வேண்டாம், உண்மையைச் சொல்லி உங்கள் கோபத்துக்கு ஆளாகவும் வேண்டாம். குறையை மறைத்து விற்றுப் பெற்ற அதிகப்படி விலையைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்பதும் அதே தோமாவின் போதனைதான். தேர் விளக்கு அக்கடனைத் தீர்க்காது.

வாங்கிய பின் குறை வெளிப்பட்டால் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறோம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் வாயடைத்துப் போகின்றனர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அவ்வாறே. சொல்லி, எழுதி, விலை குறைத்துக் கொடுத்த கீறலுக்காக வழக்காட முடியாது. சொல்லப்படாத குறைக்காக முடியும். முதலில் கடைக்கும் நிறுவனத்திற்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், செலுத்திய விலை 5 இலட்சம் ரூபாய் வரையாயின் கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் செய்ய வேண்டும். இணையத்தின் வழியாகவும் மனுச் செய்யலாம். பங்கு இளைஞர் இயக்கத்துப் பிள்ளைகள் எவரேனும் உதவுவர்.

இவை எல்லாவற்றுக்கும் கேட்கும் முதல் தாள் அந்தப் பில்தான். இப்போதைய பில்களின் மை ஓராண்டில் மங்கி வெற்றுத் தாளாகிவிடுகிறது. ஆகவே வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்து, உத்தரவாத அட்டையோடு சேர்த்து, வீட்டில் ஞானஸ்நானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள்.